பிரகதீஸ்வரியின் வெண்கல மணி

மணிக்குள்ளே விரலை விட்டுப் புளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார் பிரகதீஸ்வரி. கைப்பிடியில் உட்கார்ந்திருக்கும் குட்டி நந்தியின் காதோரம் எப்போதும் கொஞ்சம் களிம்பு தங்கிவிடும். அதற்கென்றே ஒரு பழைய டூத் பிரஷ் வைத்திருக்கிறார். தேய்த்து, கழுவி, துணியால் ஒற்றி, ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். கணீரென்றது. மாடிவீட்டுக்காரர்கள் இன்றைக்கு என்ன விசேஷம் என்று யோசித்திருப்பார்கள். கும்பகோணம் பாத்திரக்கடையில் பூஜைச் சாமான்களோடு இருந்த மணிதான். பிரகதீஸ்வரி அதை வாங்கியது, மேடையேறினால் இறங்கத் தெரியாதவர்களுக்காக.

மணியைப் பையில் வைப்பதற்குள் போன் வந்துவிட்டது.

"மேடம், பஞ்சாபகேசன் பேசறேன். ஒரே ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க சார்," என்றபடி அடுப்பை அணைத்தார். பஞ்சாபகேசனின் ஒரு நிமிஷத்தில் பால் பொங்கி, வழிந்து, பாத்திரம் கருகிப்போன அனுபவம் அவருக்கு உண்டு.

"மத்தியானம் பேசப்போறாரே, அந்தக் கப்பல்காரத் தம்பி, அவரைப் பத்தி அறிமுக உரை எழுதிட்டேன். வாசிச்சுக் காட்டட்டுமா?"

"வேணாம் சார். அறிமுகம்னா அஞ்சு வரி. பேரு, ஊரு, என்ன வேலை, என்ன தலைப்பு. முடிஞ்சுது."

"அஞ்சு வரிதான் மேடம். வரி கொஞ்சம் நீளம்."

"எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல சார்," என்றார் பிரகதீஸ்வரி. இந்த வாக்கியத்தை அவர் சொன்னால் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது என்று பொருள். மன்றத்தில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூட இது தெரியும். பஞ்சாபகேசனுக்கு மட்டும் தெரியாது.

"அப்பறம் ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கேன். இப்பச் சொல்லமாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவரே போனை வைத்தார். பஞ்சாபகேசன் தானாகப் போனை வைத்தது இதுதான் முதல் தடவை. அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைக்கப் பிரகதீஸ்வரி மறந்துபோனார்.

அரசலாற்றை ஒட்டி இருக்கிறது ஆற்றங்கரை மன்றம். வருஷம் முழுக்க கேரம் போர்டும் செய்தித்தாளும் அரசியல் சண்டையுமாக ஓடும். உறுப்பினர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள்: வங்கி, பள்ளிக்கூடம், மின்வாரியம். ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்கத்துக் கல்யாண மண்டபத்தைப் பிடித்து உரையரங்கம் நடத்துவார்கள். காலையில் கலை, அப்புறம் சுற்றுச்சூழல், சாப்பாட்டுக்குப் பிறகு உலக நடப்பு. உலக நடப்பை எதற்கு மத்தியானத்தில் வைக்கிறார்கள் என்று கேட்டால், ‘எப்படியும் தூங்கத்தான் போறோம், நமக்குச் சம்பந்தமில்லாததா இருந்தா நல்லதுதானே’ என்பார்கள்.

பிரகதீஸ்வரி ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். மாயவரம் பாதையிலும் நாகூர் பாதையிலும் பெரிய வண்டிகள் நிற்காமல் கடந்துபோகிற சின்ன ஸ்டேஷன்களில் பச்சைக்கொடி பிடித்தே காலம் கழித்தவர். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத்தான் கட்டுவார். அவருடைய பையில் பேனர் குத்த ஊக்கு, மைக்குக்கு பேட்டரி, நூல்கண்டு, ஒரு கத்தரிக்கோல் எல்லாம் இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் போட்ட முகூர்த்த நேரத்துக்குச் சரியாகப் போய், மாப்பிள்ளை வீட்டார் இன்னும் குளிக்கவே இல்லை என்று தெரிந்துகொண்டு, வாசலில் தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற பெண்மணியை நீங்கள் இந்த ஊரில் பார்த்திருந்தால், அது அவர்தான். யாராவது தாமதமாக வந்து காரணம் சொல்ல ஆரம்பித்தால், "லேட்டுன்னா லேட்டுன்னு சொல்லுங்க. காரணத்தை வீட்டுல போய்ச் சொல்லிக்கலாம்," என்பார்.

ஓய்வுபெற்ற புதிதில் அவர் இந்த உரையரங்கத்துக்குச் சும்மா கேட்கத்தான் போனார். காலைப் பேச்சாளர் இறங்குவதற்குள் பந்தியில் சாம்பார் ஆறிவிட்டது. மாலைப் பேச்சாளர் பேச எழுந்தபோது விளக்கு போட்டுவிட்டார்கள். பொறுக்கமாட்டாமல், "இதையெல்லாம் கேக்க ஆளே கிடையாதா?" என்று எழுந்து நின்று கேட்டுவிட்டார். இந்த ஊர் வழக்கப்படி, குறை சொன்னவர் தலையிலேயே வேலையைக் கட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் அவர் செயலாளர். அதற்கடுத்த வாரம் மணி வாங்கினார்.

முதல் மணிக்கு ‘முடிக்கப் பாருங்க’ என்று அர்த்தம். இரண்டாம் மணிக்கு ‘இறங்குங்க’. விதி இவ்வளவுதான். பேராசிரியர்கள் அடங்கினார்கள், டாக்டர்கள் அடங்கினார்கள், ஒரு முன்னாள் கவுன்சிலர்கூட முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். அடங்காதவர் பஞ்சாபகேசன் ஒருவர்தான். அவர் பேச்சாளரும் இல்லை. பேச்சாளரை அறிமுகம் செய்கிறவர்.

இன்ஷூரன்ஸில் இருந்து ஓய்வுபெற்றவர் பஞ்சாபகேசன். தங்கமான மனுஷர். யார் வீட்டில் சாவென்றாலும் முதலில் போய் நிற்பார், பந்தல்காரனுக்குச் சொல்லி அனுப்புவார். ஆனால் கையில் மைக் வந்துவிட்டால் போதும், எதையும் கல்லணையிலிருந்துதான் ஆரம்பிப்பார். பரதநாட்டியம் பற்றிப் பேச்சா, கல்லணை. சர்க்கரை நோயா, கல்லணை. பேச்சாளருக்கு முன்கூட்டியே போன் செய்து ‘ஒரு சின்னக் குறிப்பு குடுங்கோ’ என்று கேட்டு, அவர் பேசப்போகிற அத்தனையும் வாங்கிக்கொண்டு, அதை அறிமுகத்திலேயே கொட்டிவிடுவார். ஒரு வருஷம் தஞ்சாவூரிலிருந்து வந்த இதய மருத்துவர் எழுந்து, "சார் எல்லாத்தையும் சொல்லிட்டார். உப்பைக் குறைங்க. நன்றி," என்று உட்கார்ந்துவிட்டார். பஞ்சாபகேசன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லி மகிழ்கிறார்.

மணி அடித்தால் மற்றவர்களுக்குப் பேச்சு நிற்கும். பஞ்சாபகேசனுக்கோ மணிச்சத்தம் கேட்டால்தான் உற்சாகமே பிறக்கும். "ஒரே நிமிஷம் மேடம், முடிச்சுடறேன்," என்று கையை உயர்த்திக் காட்டிவிட்டு, புது மூச்சு எடுத்துக்கொண்டு புதிதாக ஒரு ராஜாவின் காலத்திலிருந்து தொடங்குவார். சபையும் சிரிக்கும். பிரகதீஸ்வரிக்கு மட்டும் சிரிப்பு வராது.

இந்த வருஷம் அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. உலக நடப்பு பற்றிப் பேசச் சம்மதித்திருந்த ஃபாஜில் நாகூர்க்காரன். சரக்குக் கப்பலில் அதிகாரி. பிரகதீஸ்வரி அவனைச் சந்தித்தது ரயிலில். திருவாரூர் தாண்டி எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் வேறு. சன்னலை ஏற்றிவிடக் கையைத் தூக்கியபோது சட்டை கொஞ்சம் விலகி, வெந்த தோல் தெரிந்தது. "கையில என்ன தம்பி?" என்று நேராகக் கேட்டார். சுற்றி வளைத்துக் கேட்க அவருக்குத் தெரியாது. அவன் நாகூர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

செங்கடல் பக்கம் அவன் கப்பலின்மேல் எங்கிருந்தோ ஏவிய எதுவோ வந்து விழுந்திருக்கிறது. தீ. கூட நின்றவன், வேறொரு நாட்டுக்காரன், ஃபாஜிலின் பக்கத்திலேயே செத்துப்போயிருக்கிறான். வீட்டில், கப்பல் பழுது என்று சொல்லிச் சீக்கிரமே லீவில் வந்துவிட்டான். கைக்கு, சமையல்கட்டில் எண்ணெய் கொட்டிவிட்டது என்று ஒரு கதை. "உம்மாக்கிட்ட சொல்ல முடியல மேடம். எங்க மாமா, உம்மாவோட கூடப்பொறந்த தம்பி, கப்பல்ல வேலைக்குப் போயித்தான் இறந்துபோனாரு. அவரு மவுத்தான சேதி உம்மாவுக்கு மீன் வாங்கப் போன எடத்துல யாரோ சொல்லித்தான் தெரியும். அதை இன்னிக்கும் சொல்லிச் சொல்லி அழுவாங்க." சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். "என்னை யாருக்கும் தெரியாத ஊர்ல ஒருதடவை வாய்விட்டுச் சொல்லிட்டா தேவலாம் போல இருக்கு," என்றான்.

அந்த ஊர் நான் தருகிறேன் என்று பிரகதீஸ்வரிதான் சொன்னார். வீடியோ கிடையாது, பத்திரிகைக்காரர்கள் கிடையாது, நாகூருக்கு ஒரு வார்த்தை போகாது. "நான் பொறுப்பு," என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் பொறுப்பு என்று சொன்னால் வண்டி அந்த வார்த்தையை நம்பித்தான் புறப்படும். அந்தப் பழக்கத்தில்தான் சொன்னார்.

உரையரங்கத்தின் காலை வழக்கம்போல் நாசமாயிற்று. கலை பற்றிப் பேச வந்த நாட்டிய ஆசிரியை மதுவந்தி நேரத்துக்கு வந்துவிட்டார், பொன்னாடை வரவில்லை. பொன்னாடை வந்தபோது போர்த்த வேண்டிய தலைவர் காபி குடிக்கப் போயிருந்தார். இந்த மன்றத்தில் மேடையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் பொன்னாடை உண்டு. போர்த்தியவருக்கு இன்னொருவர் போர்த்துவார். அவருக்கு யார் போர்த்துவது என்பதில் பத்து நிமிஷம் போகும். மதுவந்தி ஆடிக்காட்ட வேண்டிய இரண்டு அடவுகளில் ஒன்றுக்குத்தான் நேரம் கிடைத்தது, அதையும் மூன்று பொன்னாடைகளோடு ஆடினார்.

சுற்றுச்சூழல் இன்னும் மோசம். ஆற்றில் பிளாஸ்டிக் சேர்வதைப் பற்றிப் பேச்சு. முதல்நாளே பிரகதீஸ்வரி தன் வீட்டிலிருந்து பானையும் எவர்சில்வர் டம்ளர்களும் கொண்டுவந்து மேடையில் வைத்திருந்தார். காலையில் வந்து பார்த்தால் பானை மேடைக்கு அடியில் கிடக்கிறது, மேஜையில் வரிசையாக பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள். "மேடைக்கு அதான் மேடம் எடுப்பா இருக்கும்," என்றார் பொருளாளர். பேச்சாளர் ஒவ்வொரு புள்ளிவிவரத்துக்கும் ஒரு மடக்குக் குடித்து, காலி பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பிரகதீஸ்வரி இரண்டாம் மணியை அடித்த அடியில் முன்வரிசையில் ஒருவர் விழித்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில்தான் அது நடந்தது. பிரகதீஸ்வரி பந்தியில் ஃபாஜிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பயத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்து, "ரசம் ஊத்திக்க தம்பி, தொண்டைக்கு நல்லது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசல்பக்கம் பஞ்சாபகேசனின் குரல் கேட்டது. "வாங்கோ, வாங்கோ. சாப்பிட்டுட்டு அப்பறம் பேசலாம்." அவரோடு, தலையில் முக்காடு போட்ட ஓர் அம்மாள், கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு.

ஃபாஜிலின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "உம்மா," என்றான்.

அந்த அம்மாள் மகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நேராகப் பிரகதீஸ்வரியிடம் வந்தார். "நாந்தாம்மா ஹுமைரா. இவனோட உம்மா. சார் போன் பண்ணி, உங்க புள்ளைக்கு மேடையில மரியாதை செய்யறோம், பெத்தவங்களும் பக்கத்துல நிக்கணும்னு சொன்னாங்க. இவன் என்னாடான்னா, சேக்காளியப் பாக்கப் போறேன்னுட்டு வந்திருக்கான். பெருமையா நாலு பேரு பேசினா நான் கண்ணு போட்டுருவேன்னு பயம் போல." டப்பாவைத் திறந்து காட்டினார். ரவையும் நெய்யும் மணக்கிற தம்ரூட் இனிப்பு. "எல்லாருக்கும் குடுங்க."

பிரகதீஸ்வரி வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வது? வாங்கிக்கொண்டு, அந்த அம்மாளைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, பஞ்சாபகேசனின் முழங்கையைப் பிடித்துக் கை கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இவங்க நம்பர் உங்களுக்கு எப்படிக் கெடைச்சுது?"

"நாகூர்ல எனக்குப் பழைய பாலிசிதாரர் ஒருத்தர் இருக்கார். அதே தெரு." பஞ்சாபகேசனின் முகம் மலர்ந்திருந்தது. "எப்படி சர்ப்ரைஸ்? பொன்னாடையும் வாங்கி வச்சுட்டேன். ஈன்ற தாயை மேடையேத்தி, அவ முன்னாடி, தம்பி எனக்குக் குடுத்த குறிப்புல இருக்கற மாதிரி நெருப்புக்குள்ள நின்னதைச் சொன்னா, சபையே அழுதுடும்."

"அவங்களுக்குத் தெரியாது சார்."

"எது?"

"நெருப்பு. எதுவுமே தெரியாது."

பஞ்சாபகேசன் குழாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். இந்த மனுஷரை அறைந்தால்கூடத் தப்பில்லை என்று பிரகதீஸ்வரிக்குத் தோன்றியது. எத்தனை வருஷமாகச் சொல்லியாயிற்று! பேரு, ஊரு, வேலை, தலைப்பு. ஐந்து வரியோடு நின்றிருந்தால் நாகூருக்கு எதற்குப் போன் போகப்போகிறது?

"நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் மேடம் பண்ணேன்," என்றார் பஞ்சாபகேசன்.

"எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல," என்றார் பிரகதீஸ்வரி.

அதற்குள் ஃபாஜில் கையைக் கழுவாமலே பின்னால் வந்து நின்றான். "மேடம், ஊருக்கு முன்னாடி உம்மா இதைக் கேக்கக் கூடாது. நானே சொல்லிடறேன். இப்பவே. இதுக்கு மேல தள்ளினா என்னால முடியாது." "கொஞ்சம் டைம் மட்டும் வேணும்."

நேரம் என்பதுதான் அந்த மண்டபத்தில் இல்லாத ஒரே பொருள். சாயங்காலம் அங்கே ஒரு வரவேற்பு. அலங்காரக்காரர்கள் செண்டுமல்லிக் கூடைகளை இப்போதே இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்ட கூட்டத்தைச் சும்மா உட்காரவைத்தால் ஒவ்வொருவராக வெற்றிலையை மென்றுகொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவார்கள். மேடையில் யாராவது பேசிக்கொண்டிருந்தால்தான், எழுந்து போவது மரியாதை இல்லை என்று இருப்பார்கள். பையன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வரும்போது அவன் சொல்வதைக் கேட்க ஒரு சபை இருக்க வேண்டும். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறான்.

யாராவது பேச வேண்டும். நிறுத்தாமல், விஷயமே இல்லாமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.

பிரகதீஸ்வரி மெதுவாகத் திரும்பிப் பஞ்சாபகேசனைப் பார்த்தார். இப்படி ஒரு நாள் வருமென்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார்.

"சார், நீங்க மேடைக்குப் போங்க. பேசுங்க."

"நான் ஏற்கெனவே சுருக்கிட்டேன் மேடம். சத்தியமா. பாதியை வெட்டிட்டேன்."

"வெட்டினதையெல்லாம் திரும்பச் சேத்துக்குங்க. கப்பல்ல நடந்ததை மட்டும் மூச்சு விடக்கூடாது. மத்தபடி கல்லணையோ, பூம்புகாரோ, உங்க இஷ்டம். இந்தத் தம்பி வந்து வாசல்ல நிக்கறவரைக்கும் பேசுங்க."

"மணி?"

"அடிக்கமாட்டேன்."

பஞ்சாபகேசன் அவரை நம்பாமல் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து தாள்களை எடுத்து, பேனாவைத் திறந்து, கப்பலில் நடந்தது வருகிற வரிகளின்மேலெல்லாம் கோடு போட ஆரம்பித்தார். தாளுக்குத் தாள் நீளமாகக் கோடு விழுந்தது. முடித்தபோது மிஞ்சியது கொஞ்சம்தான். அதைப் பார்த்துக்கொண்டே படியேறினார்.

ஹுமைராவிடம் ஃபாஜில் என்ன சொன்னானோ தெரியாது. பந்தியிலிருந்து எழுப்பி, பின்வாசல் வழியாக ஆற்றுப் படித்துறைக்கு அழைத்துக்கொண்டு போனான். மேடைக்குப் பக்கத்தில் பிரகதீஸ்வரி எப்போதும் உட்காரும் மூலை நாற்காலிக்கு நேராக ஒரு சன்னல் உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் படித்துறை தெரியும். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை. தாயும் மகனும் மேல்படியில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பது தெரிந்தது. அவன் குனிந்தே இருந்தான்.

மேடையில் பஞ்சாபகேசன் தொண்டையைச் செருமினார். "கல்லணையைக் கட்டிய காலம் தொட்டு..." என்று எடுத்தார். சபை வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது. பிரகதீஸ்வரி வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கல்லணையைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டார். காவிரி கல்லணையிலிருந்து கிளம்பி, பிரிந்து, வயலுக்குப் பாய்ந்து, மிச்சம் கடலுக்குப் போனது. கடலென்றால் நாகப்பட்டினம். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நாகூர். நாகூரில் ஃபாஜில்.

அவ்வளவுதான். வந்து சேர்ந்துவிட்டார்.

பிரகதீஸ்வரி கடிகாரத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் பஞ்சாபகேசன் இவ்வளவு சீக்கிரமாக எந்த ஊருக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. மேடையில் அவர் தாளைத் திருப்பினார். கோடு. அடுத்த தாள். கோடு. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்பேர்ப்பட்ட நாகூரிலே..." என்றார். "நாகூர்..." என்றார். பிறகு பேச்சு நின்றுவிட்டது.

பேசு, பேசு என்று பிரகதீஸ்வரி பல்லைக் கடித்தார். போதும் போதும் என்று கெஞ்சியபோதெல்லாம் கொட்டினாயே, இப்போது என்ன கேடு? எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று கொடுத்தால் வாயடைத்து நிற்கிறாயே. பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஒருவர் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். பஞ்சாபகேசன் பரிதாபமாகப் பிரகதீஸ்வரியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்கருகில் சும்மா இருந்த மணியைப் பார்த்தார்.

சன்னலுக்கு வெளியே ஹுமைராவின் சிரிப்பு நின்றிருந்தது. அவர் மகனின் கையைப் பிடித்து மணிக்கட்டுப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவன் தடுக்கவில்லை.

மேடையில் பஞ்சாபகேசன், "எனவே, இனி நான் உங்களுக்கும் அவருக்கும் நடுவிலே..." என்று இறங்கத் தயாரானார். எழுந்தவரோடு இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

பிரகதீஸ்வரி மணியை எடுத்து அடித்தார்.

பஞ்சாபகேசனின் முதுகு நிமிர்ந்தது. கை தானாக மேலே போனது. "ஒரே நிமிஷம் மேடம், முடிச்சுடறேன்." சபை சிரித்தது. எழுந்தவர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். "நாகூர் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு முன் நாம் பூம்புகாரைப் பார்த்துவிட வேண்டும். எத்தனை கப்பல்கள், எத்தனை நாட்டுக்காரர்கள்..." குரல் ஏறிவிட்டது. மிளகு மூட்டைகள் இறங்கின, குதிரைகள் இறங்கின. ஒரு சோழ ராஜா கடல் தாண்டிப் படையெடுக்கப் புறப்பட்டார். தாள்கள் மேஜையில் கிடந்தன. அவர் அவற்றைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

ராஜா ஊர் திரும்பிய இடத்தில் குரல் மறுபடி தொய்ந்தது. பிரகதீஸ்வரி இரண்டாம் மணியை அடித்தார். "இதோ, இதோ," என்ற பஞ்சாபகேசன் டச்சுக்காரர்களைக் கரையிறக்கினார். முன்வரிசையில் பொருளாளர், "என்ன மேடம், இன்னிக்கு சாருக்கும் உங்களுக்கும் போட்டி ரொம்பப் பலமா இருக்கு," என்று கிசுகிசுத்தார். பிரகதீஸ்வரி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்துறையில் ஃபாஜிலின் சட்டைக்கை தோள்வரை சுருட்டியிருந்தது. ஹுமைராவின் முக்காடு நழுவிக் கழுத்தில் கிடந்தது. அதைச் சரிசெய்யக்கூட அவர் கையெடுக்கவில்லை. மகனின் வெந்த கையைத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் அழுகிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. ஃபாஜிலின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. அவன் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

மேடையில் டச்சுக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். பஞ்சாபகேசன் தண்ணீர் பாட்டிலைத் தேடினார், குடித்தார், மூடியைத் திருகிக்கொண்டே சபையைப் பார்த்து விழித்தார்.

மன்றத்தின் விதியில் மூன்றாம் மணி என்று ஒன்று கிடையாது. பிரகதீஸ்வரி சன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, நந்தியின் கழுத்தைப் பிடித்து மணியைத் தூக்கி, மண்டபம் அதிர அடித்தார்.